பிளாக்செயின் வலையமைப்புகள்: வகைகளும் வரலாறும்

பிளாக்செயின் என்பது ஒரே பேரேட்டின் நகலைப் பல கணினிகள் வைத்திருந்து, புதிய பதிவுகளைப் பொதுவான விதிப்படி சரிபார்த்துச் சேர்க்கும் தரவுப் பதிவு முறையாகும். தமிழில் இதனைக் கட்டச்சங்கிலி என்றும் தொகுதிச் சங்கிலி என்றும் எழுதுவர். பிட்காயின் வழியாகவே இது பரவலாக அறியப்பட்டது. எனினும் இதன் அடிப்படைக் கருத்து பிட்காயினுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முற்பட்டது.

பிளாக்செயின் வலையமைப்புகள் பொதுவாகப் பொது வலையமைப்பு, தனியார் வலையமைப்பு, கூட்டமைப்பு வலையமைப்பு, கலப்பு வலையமைப்பு என நான்காக வகைப்படுத்தப்படுகின்றன. இந்த வகைகள் ஒரே நாளில் திட்டமிட்டு வகுக்கப்பட்டவை அல்ல. பேரேட்டில் எழுதும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தரப்பினர் கண்ட விடைகளே இவ்வகைகளாக உருப்பெற்றன.

அடிப்படை அமைப்பு

பேரேட்டில் சேரவேண்டிய பதிவுகள் சிறு தொகுதிகளாகக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஹாஷ் எனப்படும் எண் கணக்கிடப்படுகிறது. இது அத்தொகுதியின் கைரேகை போன்றது. தொகுதியில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். ஒவ்வொரு புதிய தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் ஹாஷைத் தன்னுள் கொண்டிருக்கும். எனவே பழைய தொகுதி ஒன்றைத் திருத்துபவர், அதற்குப் பின்வந்த தொகுதிகள் அனைத்தையும் மாற்றி எழுத வேண்டும். மற்ற கணினிகளில் உள்ள நகல்களோடு ஒப்பிடும்போது திருத்தம் வெளிப்பட்டுவிடும்.

அடுத்த தொகுதியை எழுதுபவர் யார், அதனை மற்றவர்கள் எப்படி ஏற்பது என்பதை முடிவுசெய்யும் விதி இணக்க முறை எனப்படும். வலையமைப்பு வகைகளுக்கு இடையிலான முதன்மை வேறுபாடு இந்த இணக்க முறையிலும், அதில் பங்கேற்க அனுமதி தேவையா என்பதிலும் அமைந்துள்ளது.

முன்வரலாறு

1982 ஆம் ஆண்டில் இக்கேள்வி இரு இடங்களில் எழுப்பப்பட்டது. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் ஆகியோர் பைசாந்தியத் தளபதிகள் சிக்கல் என்ற ஆய்வுரையை வெளியிட்டனர். ஒரு நகரை முற்றுகையிட்ட தளபதிகளுள் சிலர் துரோகிகள். அவர்கள் பொய்ச் செய்தி அனுப்பினாலும் நேர்மையானவர்கள் ஒரே முடிவுக்கு வருவது எப்படி என்பதே அச்சிக்கல். அதே ஆண்டில் டேவிட் சாம், பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், ஒருவரையொருவர் நம்பாத குழுக்கள் இணைந்து நடத்தக்கூடிய கணினி அமைப்பை விவரித்தார்.

சங்கிலி வடிவத்தை அளித்தவர்கள் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவர். பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய இவர்கள், மின்னணு ஆவணம் ஒன்று குறிப்பிட்ட நாளில் இருந்தது என்பதை எப்படி மெய்ப்பிப்பது என்று ஆராய்ந்தனர். தாளில் எழுதியதைத் திருத்தினால் தடயம் இருக்கும்; கணினிக் கோப்பைத் திருத்தினால் தடயம் இராது. நம்பகமான ஒருவரிடம் ஆவணங்களுக்கு நேரமுத்திரை இடச் செய்யலாம். அவரே பொய் சொன்னால் என்ன செய்வது? இதற்கு விடையாக, ஒவ்வொரு முத்திரையையும் முந்தைய முத்திரையோடு ஹாஷ் மூலம் கோக்கும் முறையை 1991 இல் வெளியிட்டனர். முத்திரை இடுபவராலும் பின்னர் தேதியை மாற்ற இயலாது என்பதே இதன் சிறப்பு.

இக்கருத்தைக் கொண்டு சுரட்டி என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 1995 முதல் இந்நிறுவனம் தன் பதிவேட்டின் சுருக்க ஹாஷை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விளம்பரப் பகுதியில் அச்சிட்டது. உலகின் நூலகங்களிலும் வீடுகளிலும் கிடக்கும் பழைய நாளிதழ்கள் அனைத்தையும் திருத்த எவராலும் முடியாது. பேரேட்டை ஒரு நிறுவனம் வைத்திருந்தாலும், அதற்குச் சாட்சி ஊரார் கையில் இருந்தது.

பொது வலையமைப்பு

பொது வலையமைப்பில் எவரும் அனுமதியின்றிச் சேரலாம், பேரேட்டைப் படிக்கலாம், பதிவுகளைச் சரிபார்த்துத் தொகுதி எழுதும் போட்டியிலும் பங்கேற்கலாம். இதன் முதல் எடுத்துக்காட்டு பிட்காயின். சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இதன் வரைவு 2008 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதன் மேற்கோள் பட்டியலில் உள்ள எட்டு நூல்களுள் மூன்று ஹேபர், ஸ்டோர்னெட்டா பங்களிப்பு கொண்டவை. முதல் தொகுதி 2009 ஜனவரி 3 ஆம் நாளைக் கொண்டது. வங்கிகளுக்கு அரசு மீண்டும் கைகொடுக்கவிருப்பதைப் பற்றிய அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி அத்தொகுதியில் பொறிக்கப்பட்டது. உலக நிதி நெருக்கடியின் நடுவே, வங்கியை நம்பாமல் பணம் அனுப்பும் வழியாக பிட்காயின் முன்வைக்கப்பட்டது.

யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றால், ஒருவரே ஆயிரம் போலிப் பெயர்களில் நுழைந்து வாக்கைப் பெருக்கிக்கொள்ளக் கூடும். இதைத் தடுக்க பிட்காயின் உழைப்புச் சான்று முறையைக் கையாண்டது. மின்னஞ்சல் குப்பையைக் கட்டுப்படுத்த ஆடம் பேக் 1997 இல் உருவாக்கிய ஹாஷ்கேஷ் என்பதே இதன் முன்னோடி. கடினமான கணக்கை முதலில் விடுவிக்கும் கணினி அடுத்த தொகுதியை எழுதி, அதற்கு ஊதியமாகப் புதிய நாணயங்களைப் பெறும். பெயர்களை எளிதில் பெருக்கலாம். மின்சாரத்தைப் பெருக்க முடியாது. தொடக்கத்தில் தொகுதிக்கு 50 பிட்காயினாக இருந்த ஊதியம் ஒவ்வொரு 2,10,000 தொகுதிகளுக்கும் பாதியாகும். மொத்த நாணயங்கள் 2.1 கோடியைத் தாண்டா.

2015 ஜூலை 30 அன்று தொடங்கப்பட்ட எத்தீரியம், பொது வலையமைப்பின் பயனை விரிவாக்கியது. விட்டாலிக் பியூட்டரின் 2013 இறுதியில் எழுதிய வரைவின்படி, பணப் பதிவுகளோடு நிரல்களையும் பேரேட்டில் எழுதி இயக்கலாம். இவை ஸ்மார்ட் ஒப்பந்தங்கள் எனப்படும். நிபந்தனை நிறைவேறினால் நிரல் தானே பணத்தை மாற்றும்; இடையில் ஆள் தேவையில்லை.

இந்த முறைக்கு முதல் பெரிய சோதனை 2016 இல் வந்தது. தி டிஏஓ என்ற முதலீட்டு ஒப்பந்தத்தின் நிரலில் இருந்த பிழையைப் பயன்படுத்தி ஒருவர் சுமார் 36 லட்சம் ஈத்தர் நாணயங்களைத் திசைதிருப்பினார். நிரலே சட்டம் என்றால் அது திருட்டே அல்ல என்று ஒரு சாரார் வாதிட்டனர். பணம் போட்டவர்கள் ஏமாற்றப்பட்டனர். பேரேட்டைத் திருத்துவதே நியாயம் என்றனர் மற்றவர்கள். 2016 ஜூலை 20 அன்று பெரும்பான்மையினர் விதியை மாற்றிப் பணத்தை மீட்டனர். உடன்படாதவர்கள் பழைய சங்கிலியை எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்தனர். மாற்ற முடியாதது எனப்பட்ட பேரேட்டையும், போதுமான மக்கள் விரும்பினால் மாற்றலாம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பிரிந்து சென்ற சிறிய சங்கிலி வேறொரு பாடத்தையும் அளித்தது. உழைப்புச் சான்று முறையில் மொத்தக் கணிப்பு ஆற்றலில் பாதிக்கு மேல் ஒருவர் கையில் சேர்ந்தால், அண்மைப் பதிவுகளை அவர் மாற்றி எழுத முடியும். எத்தீரியம் கிளாசிக் 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் இத்தகைய தாக்குதல்களுக்கு உள்ளானது. பொது வலையமைப்பின் பாதுகாப்பு அதில் பங்கேற்போரின் எண்ணிக்கையையும் ஆற்றலையும் பொறுத்தது. பொது என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது.

உழைப்புச் சான்றின் மின்செலவு நீண்ட காலமாகக் கண்டிக்கப்பட்டது. எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 அன்று பங்குச் சான்று முறைக்கு மாறியது. இதில் தொகுதி எழுத விரும்புவோர் நாணயங்களைப் பிணையாக வைக்கின்றனர். ஏமாற்றினால் பிணையை இழக்கின்றனர். மின்செலவு ஏறத்தாழ 99.95 விழுக்காடு குறைந்ததாக எத்தீரியம் அறக்கட்டளை மதிப்பிட்டது.

தனியார் வலையமைப்பு

தனியார் வலையமைப்பில் ஒரே நிறுவனம் யார் சேரலாம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதை முடிவுசெய்கிறது. கணினிகள் அறிமுகமானவை என்பதால் உழைப்புச் சான்று தேவைப்படுவதில்லை. பதிவுகள் விரைவாக முடிவடைகின்றன. விவரங்கள் வெளியாருக்குத் தெரிவதில்லை.

ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டம் நடத்தும் பில்டிங் பிளாக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2017 தொடக்கத்தில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் நடந்த சோதனையில் பொது எத்தீரியம் பயன்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருப்பும் கட்டணமும் மிகுந்ததால் அது ஒத்துவரவில்லை. அதே ஆண்டில் ஜோர்டானின் அஸ்ராக் அகதி முகாமில், எத்தீரிய மென்பொருளையே அடிப்படையாகக் கொண்ட தனியார் வலையமைப்பு அமைக்கப்பட்டது. முகாமிலுள்ள கடையில் பொருள் வாங்கும் சிரிய அகதி, கருவியில் கண்ணைக் காட்டினால் போதும். அடையாளம் சரிபார்க்கப்பட்டு அவருடைய உதவிக் கணக்கில் தொகை கழியும். ஒவ்வொரு உதவிக்கும் வங்கி வழியாகப் பணம் அனுப்பும் செலவு இதனால் வெகுவாகக் குறைந்தது.

இதன் மீது எழுந்த கேள்வியும் முக்கியமானது. ஒரே அமைப்பு எல்லாக் கணினிகளையும் நடத்தினால், சாதாரணத் தரவுத்தளம் போதாதா என்று பலர் கேட்டனர். பின்னர் ஐநா பெண்கள் அமைப்பும் இவ்வலையமைப்பில் சேர்ந்தது. ஒரே குடும்பத்துக்குப் பல அமைப்புகள் அளிக்கும் உதவிகளை ஒரே இடத்தில் காண இது வழிசெய்தது. இரண்டாவது நிறுவனம் நுழையும்போதுதான் பகிர்ந்த பேரேட்டின் தேவை தெளிவாகிறது. அகதியின் நிலையோ மாறவில்லை. அவர் கண்ணைக் காட்டுகிறார். பேரேட்டில் எழுதுவதும் விதிகளை வகுப்பதும் பிறர் கையில் உள்ளன.

கூட்டமைப்பு வலையமைப்பு

ஒன்றுக்கொன்று போட்டியான பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் பேரேடு கூட்டமைப்பு வலையமைப்பு எனப்படும். எந்த ஒரு நிறுவனமும் தனியாக எழுதவோ திருத்தவோ இயலாது. மிகேல் காஸ்ட்ரோ, பார்பரா லிஸ்கோவ் ஆகியோர் 1999 இல் வெளியிட்ட இணக்க முறையும் அதன் வழிவந்தவையும் இங்குப் பயன்படுகின்றன. அம்முறையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான கணினிகள் ஏமாற்றினாலும் முடிவு பிழையாகாது.

2015 இவ்வகைக்குத் திருப்புமுனையான ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்பது பெரிய வங்கிகள் ஆர்3 கூட்டமைப்பில் இணைந்தன. டிசம்பரில் லினக்ஸ் அறக்கட்டளை ஹைப்பர்லெட்ஜர் திட்டத்தை அறிவித்தது. வங்கியைத் தவிர்க்கப் பிறந்த தொழில்நுட்பத்தை வங்கிகளே தங்களுக்குள் பயன்படுத்த முனைந்தன.

உணவுப் பொருள்களின் தடமறிதல் இவ்வகையின் அறியப்பட்ட பயன். வால்மார்ட் நிறுவனம், கடையில் இருந்த நறுக்கிய மாம்பழப் பொதி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது எனக் கண்டறியத் தன் ஊழியர்களைப் பணித்தது. 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆயிற்று. ஐபிஎம் துணையுடன் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்கில் பதிவு செய்தபின் அதே வேலை 2.2 நொடியில் முடிந்தது. 2018 இல் அமெரிக்காவில் ரோமைன் கீரை வழியே பரவிய ஈ.கோலி நோய்த்தொற்று 210 பேரைத் தாக்கியது, ஐவர் இறந்தனர். கீரை எங்கே விளைந்தது என்று உடனே தெரியாததால், கடைகள் எல்லாக் கீரையையும் அப்புறப்படுத்த நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், கீரை வழங்குவோர் ஓராண்டுக்குள் இவ்வலையமைப்பில் பதிவுசெய்ய வேண்டும் என்று வால்மார்ட் அறிவித்தது.

எல்லா முயற்சிகளும் இவ்வாறு அமையவில்லை. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018 இல் டிரேட்லென்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்து வலையமைப்பைத் தொடங்கின. சரக்குப் பெட்டியோடு செல்லும் எண்ணற்ற தாள்களை மின்பதிவாக்குவது நோக்கம். போட்டியாளரின் வலையமைப்பில் தங்கள் சரக்கு விவரங்களைப் பதிய மற்ற கப்பல் நிறுவனங்கள் முதலில் தயங்கின. சில பின்னர் சேர்ந்தன. உலகளாவிய முழு ஒத்துழைப்பு கிட்டவில்லை எனக் கூறி, திட்டத்தை நிறுத்துவதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையும் தன் தீர்வை முறையைப் பிளாக்செயினுக்கு மாற்றும் பல்லாண்டுத் திட்டத்தை நிறுத்தி, ஏறத்தாழ 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை இழப்பாக எழுதியது.

வால்மார்ட்டால் தன்னிடம் விற்பவர்களைப் பணிக்க முடிந்தது. மெர்ஸ்க்கால் தன் போட்டியாளர்களைப் பணிக்க முடியவில்லை. கூட்டமைப்பு வலையமைப்பின் வெற்றி தோல்வியில் மென்பொருளை விட உறுப்பினர்களுக்கு இடையிலான உறவே பெரும் பங்கு வகிக்கிறது.

கலப்பு வலையமைப்பு

விவரங்களை அனுமதி பெற்றோர் மட்டும் காணும் பேரேட்டில் வைத்து, அவற்றின் ஹாஷை மட்டும் பொதுவெளியில் பதிவது கலப்பு முறை. உள்ளடக்கம் மறைந்திருக்கும், திருத்தம் மட்டும் மறையாது. சுரட்டி நாளிதழில் ஹாஷ் அச்சிட்டது இதன் தொடக்க வடிவம் எனலாம்.

எஸ்தோனியா இக்கருத்தை நாட்டளவில் பயன்படுத்தியது. 2007 இல் அந்நாட்டின் அரசு, வங்கி, செய்தித் தளங்கள் பெரும் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன்பின் கார்டுடைம் நிறுவனத்தின் ஹாஷ் சங்கிலி முறை சோதிக்கப்பட்டு, 2012 முதல் அரசுப் பதிவேடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது. குடிமக்களின் மருத்துவ விவரங்கள் சங்கிலியில் ஏற்றப்படுவதில்லை. ஹாஷ் மட்டுமே ஏறுகிறது. பதிவை உள்ளிருந்து ஒரு அதிகாரி திருத்தினாலும் அது வெளிப்படும்.

பொதுச் சங்கிலியோடு பாலம் அமைத்து இணைக்கப்படும் பக்கச் சங்கிலிகளையும் சிலர் இவ்வகையில் சேர்ப்பர். இவற்றின் ஆபத்தை ரோனின் நிகழ்வு உணர்த்தியது. ஆக்சி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காக அமைக்கப்பட்ட ரோனின், எத்தீரியத்தோடு இணைந்தது. அப்போது இதில் சரிபார்ப்போர் ஒன்பது பேர் மட்டுமே இருந்தனர். ஐவர் ஒப்பம் இருந்தால் பணத்தை வெளியேற்ற முடிந்தது. 2022 மார்ச்சில் ஐந்து சாவிகள் திருடப்பட்டு 60 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. திருட்டு ஆறு நாள் வரை தெரியவில்லை. விரைவுக்காக எழுதுவோர் எண்ணிக்கையைக் குறைத்தபோது பாதுகாப்பும் உடன் குறைந்தது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவில் கைப்பேசி வைத்திருக்கும் ஏறத்தாழ அனைவரும் தாம் அறியாமலே ஒரு கூட்டமைப்பு வலையமைப்பைப் பயன்படுத்துகின்றனர். தொல்லை தரும் வணிகக் குறுஞ்செய்திகளைக் கட்டுப்படுத்த, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூலையில் விதிமுறை வெளியிட்டது. அதன்படி வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தங்கள் அனுப்புநர் பெயரையும் செய்தி வடிவத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் பகிர்ந்த பேரேட்டில் பதிய வேண்டும். பொருந்தாத செய்தி தடுக்கப்படும். 2021 மார்ச் 8 அன்று சரிபார்ப்பு முழுமையாகத் தொடங்கியபோது, வடிவத்தைப் பதியாத நிறுவனங்களின் ஒருமுறைக் கடவுச்சொற்களும் தடைபட்டன. பணப் பரிமாற்றங்கள் முடங்கியதால் சரிபார்ப்பு ஒரு வாரம் நிறுத்திவைக்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2020 இல் பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு மின்னாளுமை முகமை, அரசுத் துறைகளின் பொதுப் பயன்பாட்டுக்கான பிளாக்செயின் கட்டமைப்பை நம்பிக்கை இணையம் என்ற பெயரில் உருவாக்கியது. சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்ப்பது இதன் முதன்மைப் பயன்களுள் ஒன்று. வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்பவரின் சான்றிதழை, வழங்கிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திராமல் சரிபார்க்க இது உதவும். இந்திய அரசு 2024 செப்டம்பர் 4 அன்று விஸ்வஸ்யா என்ற தேசியக் கட்டமைப்பைத் தொடங்கியது. இவை அனுமதி பெற்றோர் மட்டும் எழுதும் வலையமைப்புகள் ஆகும்.

ஒப்பீடும் வரம்புகளும்

முன்பின் அறியாதவர்கள் நடுவர் இன்றிப் பரிமாற வேண்டிய இடத்தில் பொது வலையமைப்பு பொருந்துகிறது. அதற்கு ஈடாக வேகமும் மறைப்பும் குறைகின்றன. ஒரே நிறுவனத்தின் உள்வேலைக்குத் தனியார் வலையமைப்பு விரைவானது. ஆனால் அந்நிறுவனத்தை நம்பியே ஆக வேண்டும். அறிமுகமான, முழுமையாக நம்பாத பல நிறுவனங்களுக்குக் கூட்டமைப்பு வலையமைப்பு ஏற்றது. மறைவும் பொதுச் சாட்சியும் ஒருங்கே வேண்டிய பதிவேடுகளுக்குக் கலப்பு முறை உதவுகிறது.

எல்லா வகைகளுக்கும் பொதுவான வரம்பு ஒன்று உண்டு. எழுதியது பின்னர் மாறவில்லை என்பதற்கே பிளாக்செயின் சான்று தரும். எழுதியது உண்மை என்பதற்கு அது சான்று ஆகாது. மாம்பழப் பொதியில் தவறான தோட்டத்தின் பெயரை ஒட்டினால், அத்தவறும் அழியாமல் நிற்கும். நிலம், சான்றிதழ், உதவித்தொகை போன்றவற்றில் முதல் பதிவைச் செய்யும் அலுவலரின் நேர்மையும், பிழையைத் திருத்தக் கோரும் உரிமையும் சங்கிலிக்கு வெளியே உறுதிசெய்யப்பட வேண்டியவை.

ஆகவே ஒரு சேவை பிளாக்செயினில் இயங்குகிறது என்று அறிவிக்கப்படும்போது அச்சொல்லால் மட்டும் அதன் நம்பகத்தன்மை விளங்காது. எழுதுவோர் எத்தனை பேர், அவர்களைத் தெரிவுசெய்வது யார், தவறு நேர்ந்தால் திருத்துவது எப்படி என்ற விவரங்களே அதனைத் தீர்மானிக்கின்றன. முத்திரை இடுபவரே பொய் சொன்னால் என்ன செய்வது என்று ஹேபரும் ஸ்டோர்னெட்டாவும் கேட்ட கேள்வி, ஒவ்வொரு புதிய வலையமைப்புக்கும் இன்றும் பொருந்துகிறது.